பழவேற்காட்டுப் பாடும் யவனர் பங்கும்

பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கும் பட்டினவர்களிடையே ‘பாடு’ என்றொரு முறை உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்குக் கோடியில், பொன்னேரிக்குக் கிழக்கே, கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே கிடக்கும் இவ்வுவர்நீர் ஏரி, இந்திய நாட்டில் சில்கா ஏரிக்கு அடுத்த பரப்புடையது. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தது. தென்பகுதியும் அங்குள்ள முகத்துவாரமும் நம் பங்கில் அமைந்தன. கடல் பெருகும்போது நீர் உட்புகும், வற்றும்போது வெளியேறும். அந்த நீரோட்டத்தோடு இறால் நகரும். ஆகவே ஓட்டம் நன்றாக உள்ள சில இடங்களில் வலை கட்டியவனுக்கு அன்று அடுப்பெரியும். எட்ட நின்றவனுக்குச் சேறுதான் மிச்சம். இத்தகைய இடங்களுக்காக நாள்தோறும் மண்டைகள் உடைந்திருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அவை பெரும்பாலும் உடையாமல் இருந்ததற்குக் காரணம் அந்தப் பாடு முறையே.

முறை இதுதான். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்னும் மூன்று குப்பங்களுக்கே தொன்றுதொட்ட உரிமை. மணமான ஆண்மகன் ஒருவன் ஒரு ‘தலைக்கட்டு’. ஊர்ப் பஞ்சாயத்தின் கணக்கில் அவன் பெயர் ஏறினால்தான் ஏரியில் கழி நட்டுச் சுத்துவலை கட்டலாம். வலை கட்டும் இடங்கள் முன்னோர் வகுத்தவை. ஒவ்வொன்றுக்கும் பெயரும் எல்லையும் உண்டு. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்பதைச் சீட்டும் சுழற்சியும் முடிவு செய்யும். நல்ல இடம் பெற்றவன் அடுத்த முறையில் அதை மற்றொருவனுக்கு விட்டு ஓரத்துக்கு நகர்வான். செல்வனுக்கென்று தனி இடம் இல்லை. பஞ்சாயத்தார் மகனுக்கென்று தனிச் சீட்டும் இல்லை. முறை மீறினால் ஊர் தண்டம் விதிக்கும். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலை போடுவோரிடமும் இதைப் போன்ற சீட்டு முறை உண்டு. கடலோரத் தமிழில் பாடு என்பது மீன்படும் இடம். கிடைத்த மீனையும் அது குறிக்கும். துன்பத்தையும் அச்சொல்லாலேயே சொல்கிறோம். மூன்று பொருளும் ஒரு சொல்லில் அடங்கியதை மீனவர் யாரும் வியப்பதில்லை, நிகண்டு படித்த நாம்தான் வியக்கிறோம்.

கிரேக்கரின் தொடக்ககாலச் சமுதாயத்தை ஆராயும் நூல்களைப் படிப்போர் இவ்வேரிக்கரைக்கு ஒருமுறை வந்துபோவது நன்று என்பது என் கருத்து. அந்நூல்களில் அடிக்கடி தலைகாட்டும் ‘க்ளேரோஸ்’ என்னும் சொல்லுக்கு இங்கே உயிருள்ள உரை கிடைக்கிறது. அச்சொல்லுக்கு முதற்பொருள் குலுக்கிப் போடும் சீட்டு, அதாவது அடையாளமிட்ட சிறு மரத்துண்டோ கல்லோ. இரண்டாம் பொருள் அச்சீட்டினால் ஒருவனுக்கு விழுந்த நிலப்பங்கு. மூன்றாம் பொருள் தந்தை விட்டுச்சென்ற சொத்து. அரபு படித்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. ‘ஸஹ்மு’ என்றால் அம்பு. பண்டை அரபியர் அம்புகளைக் குலுக்கிப் பங்கு பிரித்தமையால் அதுவே பங்கு என்றும் பொருள்பட்டது. பின்னர் ஃபராயிழ் என்னும் வாரிசுரிமைக் கலையில் ஒவ்வொருவருக்கும் உரிய பாகம் அப்பெயராலேயே வழங்கலாயிற்று. சீட்டிலிருந்து பங்கு, பங்கிலிருந்து உரிமை. இரு மொழிகளில் இரண்டு சொற்கள் ஒரே வழியில் நடந்திருக்கின்றன.

இந்தக் கிரேக்கர் நமக்கு முற்றிலும் அந்நியருமல்லர். ஆசியக் கரையில் அவர்கள் குடியேறிய நாட்டுக்கு அயோனியா என்று பெயர். அதிலிருந்து பாரசீகர் ‘யவுனா’ என்றனர். அரபியர் ‘யூனான்’ என்றனர். அசோகனின் கல்வெட்டுகள் ‘யோன’ என்றன. சங்கத் தமிழர் ‘யவனர்’ என்றனர். பாலி மொழியின் ‘யோனக’ என்னும் வடிவம் தமிழில் ‘சோனகர்’ ஆயிற்று என்று மொழியறிஞர் காட்டுவர். மேற்கிலிருந்து கடல் வழியே வந்தோர் கிரேக்கராக இருந்த காலத்தில் கிரேக்கரைச் சுட்டிய பெயர், அதே வழியில் அரபியர் வந்த காலத்தில் அரபியர் மேல் ஏறியது. இடைக்கால உரையாசிரியர்கள் யவனர் என்பதற்குச் சோனகர் என்று பொருள் எழுதினர். இலங்கையின் மக்கள்தொகைக் கணக்கில் முஸ்லிம்கள் இன்றளவும் சோனகர் என்றே பதியப்படுகின்றனர். யூனானி மருந்துக் கடையின் பெயர்ப்பலகையில் உள்ள சொல்லும் ஏறக்குறைய நம் முன்னோர் பெயரும் ஒன்றுதான்.

இனி அவர்களுடைய கதைக்கு வருவோம். கி.மு. 1200 அளவில் கிரேக்க நாட்டின் பெரும் அரண்மனைகள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. மைசீனி அழிந்தது, பைலோஸ் எரிந்தது. அவ்வரண்மனைகளின் கணக்கர் களிமண் பலகைகளில் எழுதிவைத்த குறிப்புகளை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்னும் ஆங்கிலேயர் படித்தறிந்தார். அக்குறிப்புகளில் இரண்டு சொற்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று ‘தாமோஸ்’. ஊர்ப் பொதுநிலத்தைத் தன் கையில் வைத்துக் குடிகளுக்குப் பிரித்துக் கொடுத்த ஊரார் கூட்டத்தைக் குறிக்கும் சொல் அது. பிற்காலத்தில் மக்களாட்சி என்னும் சொல்லின் முற்பாதியாக நின்ற ‘தேமோஸ்’ இதுவே. மற்றொன்று ‘பசிலெவ்ஸ்’. பலகைகளில் இவன் கொல்லர் கூட்டத்துக்கோ சிற்றூருக்கோ தலைவனான சிறு அதிகாரி. அரண்மனை போன பிறகு இவனையே மக்கள் அரசன் என்றனர். வீடு இடிந்ததும் திண்ணையில் இருந்தவர் வீட்டுக்காரர் ஆனதுபோல.

அதன்பின் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் எழுத்தில்லாத காலம். பேரரசு இல்லை, பெருங்கட்டடம் அரிது. ஊர்கள் சுருங்கின. ஆயினும் ஊரார் என்ற கூட்டம் அழியவில்லை. என் நோக்கில் கிரேக்க வரலாற்றின் மையம் இந்த இருண்ட காலமே. பிற்காலத்துப் பளிங்குத் தூண்களை விட இதுவே பெரிது. மேலே இருந்த கணக்கனும் தண்டலதிகாரியும் மறைந்தபின், மேய்ச்சலும் நீரும் விளைநிலமும் எவ்வாறு பங்கிடப்பட வேண்டும் என்பதை ஊரே பேசித் தீர்க்க வேண்டியதாயிற்று. பேசித் தீராதபோது சீட்டுத் தீர்த்தது. ஹோமரின் காவியத்தில் வீரர்கள் தலைச்சீராவில் சீட்டிட்டுக் குலுக்குகின்றனர். தேவர் மூவர்கூட வானையும் கடலையும் பாதாளத்தையும் சீட்டுப் போட்டே பிரித்துக்கொண்டதாகக் கதை. தேவர்க்கும் வேறு வழி தெரியாத அளவுக்கு அவ்வழக்கம் வேரூன்றியிருந்தது.

எழுத்து மீண்டும் வந்தது நம் வாசகர்க்குப் பழக்கமான வழியில். கி.மு. எட்டாம் நூற்றாண்டை ஒட்டிக் கிரேக்கர் பினீசியரிடமிருந்து எழுத்தைக் கற்றனர். அலிஃப், பே, ஜீம், தால் என்ற அப்ஜத் வரிசையும் ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என்ற வரிசையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அக்காலத்தில் கிரேக்க வணிகர் தங்கள் மட்கலங்களோடு வந்திறங்கிய துறை ஒன்று ஆஸி நதி கடலில் விழும் இடத்தில் அகழ்ந்து காணப்பட்டது. அதற்கு இன்றைய வழக்கில் அல்மீனா என்று பெயர். அரபியில் துறைமுகம் என்பதே அதன் பொருள்.

ஒரு சாதாரண ஊர் எப்படி இருந்தது என்பதை ஹெசியோத் என்னும் உழவர் கவிஞர் காட்டுகிறார். கி.மு. 700 அளவில் போயோத்தியா நாட்டின் அஸ்க்ரா என்ற சிற்றூரில் வாழ்ந்தவர். அவர் தந்தை வறுமைக்கு அஞ்சி ஆசியக் கரையிலிருந்து கடல் கடந்து வந்து அவ்வூரில் குடியேறியவர். தந்தை இறந்தபின் சொத்தில் தம்பி பெர்சேஸ் கூடுதலாக அள்ளிக்கொண்டான் என்றும், ஊர்த் தலைவர்கள் காணிக்கை வாங்கிக்கொண்டு அவனுக்குச் சாதகமாக நடந்தனர் என்றும் கவிஞர் குமுறுகிறார். இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுக்கு முந்தைய அந்தக் குமுறலை நம் ஊர்களில் எந்தத் திண்ணையிலும் இன்று கேட்கலாம். கிரேக்க வழக்கில் புதல்வர்கள் தந்தையின் நிலத்தைச் சமபாகமாக வகுத்து, எந்தப் பாகம் யாருக்கு என்று சீட்டுப் போடுவர். மகளுக்குப் பாகம் கிடையாது. ஆண்மகவு இல்லாத வீட்டின் மகளை ஆதென்ஸ் நகரத்தார் ‘எபிக்ளேரோஸ்’ என்றனர். சொத்தோடு ஒட்டிக்கொண்டு வருபவள் என்பது பொருள். தந்தை வழியில் நெருங்கிய ஆண் உறவினர் அவளை மணந்துகொள்ள உரிமை கோரலாம். ஃபராயிழ் கலையில் மகளுக்குத் தனக்கென ஒரு ஸஹ்மு உண்டு என்று நாம் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஏட்டில் உள்ள அந்த ஸஹ்மு எத்தனை ஊர்களில் அவள் கைக்கு வந்து சேருகிறது என்பது வேறு கேள்வி.

நிலம் போதாதபோது யவனர் கப்பலேறினர். சிசிலித் தீவில் மெகாரா ஹிப்லயா என்னும் குடியேற்றத்தை அகழ்ந்தோர், கி.மு. எட்டாம் நூற்றாண்டிலேயே தெருக்களும் மனைகளும் ஏறத்தாழச் சம அளவில் வகுக்கப்பட்டிருந்ததைக் கண்டனர். இன்னும் உருக்கமானது லிபியக் கரையின் சைரீனி நகரத்துக் கதை. இன்று ஷஹ்ஹாத் என்னும் ஊரை அடுத்து அதன் இடிபாடுகள் உள்ளன. தேரா என்ற சிறு தீவில் ஏழாண்டு மழை பொய்த்தது என்றும், உடன்பிறந்தோர் இருக்கும் வீடுகளில் ஒருவன் வெளியேற வேண்டும் என்று ஊர் முடிவு செய்து, யார் போவது என்பதைச் சீட்டினால் தீர்த்தது என்றும் ஹெரோதத்தஸ் எழுதுகிறார். ஐம்பது துடுப்புகள் பூட்டிய இரண்டு கப்பல்கள் புறப்பட்டன. போனவர்கள் வழியறியாமல் திரும்பி வந்தபோது, தங்கள் சொந்தக் கரையிலேயே இறங்க விடாமல் ஊரார் அவர்கள்மேல் எறிந்து துரத்தினராம். இது நடந்தது கி.மு. 630 அளவில். பின்னாளில் சைரீனியில் வெட்டிய கல்வெட்டொன்று அந்தப் பழைய உடன்படிக்கை என்று கூறி, போக மறுப்பவனுக்கு மரண தண்டனை என விதிக்கிறது. சீட்டு என்றதும் நாம் விளையாட்டாக எண்ணுகிறோம். அன்று அது ஒருவனுக்குத் தாய்வீட்டையும் மற்றவனுக்குத் திரும்பா வழியையும் கொடுத்தது.

பழவேற்காட்டுக்கும் இத்தகைய கரையேறிய கதை உண்டு. அரபு நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் படகுகளில் வந்து இங்கே தங்கின என்று அவ்வூர் முஸ்லிம்களிடையே ஒரு செய்தி வழங்குகிறது. இதற்கு ஆண்டு தேதி கேட்டு நெருக்குவதில் பயனில்லை. ஒரு சமுதாயம் தன்னைப் பற்றி எதை நினைவில் வைத்துக்கொள்ள விரும்புகிறது என்பதற்கு அது சான்று. மார்செயில் நகரின் தொடக்கத்தைப் பற்றியும் கிரேக்கர் இப்படித்தான் சொன்னார்கள்: போக்கேயா ஊரிலிருந்து வந்தவனுக்கு உள்நாட்டுத் தலைவன் மகள் திருமண விருந்தில் நீர்க்கிண்ணம் நீட்டி அவனைத் தன் மணாளனாகத் தேர்ந்தாளாம். வந்தவர்க்குப் பெண் கொடுத்து இடம் கொடுத்த கதை சோழமண்டலக் கரை நெடுக நாமும் சொல்லுவதுதான். வணிகமும் துணியும் மரக்கலமும் நம்மவர் தொழிலாயின. ஏரியின் பாட்டில் மட்டும் நமக்குப் பங்கில்லை. அது பட்டினவர்க்கு உரியது. அவ்வூர் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பின்னும் பெட்டிகள் இன்றும் பெயர்பெற்றவை.

பழவேற்காடு அடங்கிய தொண்டை மண்டலத்தில் சீட்டு முறை ஏரியோடு நிற்கவில்லை. 1818இல் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை காணியாட்சி பற்றி அரசுக்கு எழுதிய விடைகள் அச்சாயின. இம்மண்டலத்து ஊர்களில் நிலம் இருவகையாக வைத்துக்கொள்ளப்பட்டதை அதில் விளக்குகிறார். ஒருமுறை பிரித்தால் பிரித்ததே என நிலைத்துவிடுவது அறுதிக்கரை. பங்காளிகள் பொதுவில் வைத்து, குறித்த காலத்துக்கு ஒருமுறை மீண்டும் பங்கிட்டு மாற்றிக்கொள்வது பசுங்கரை. மேட்டு நிலமும் பள்ள நிலமும், மடைக்கு அருகும் கடைக்கோடியும் ஒருவனிடமே நிலைக்காதிருக்கச் செய்த ஏற்பாடு இது. பாடு நீரில் செய்ததைப் பசுங்கரை நிலத்தில் செய்தது. ஐரோப்பிய அறிஞர் சிலர் பண்டைக் கிரேக்கரிடம் இப்படி நிலத்தை மறுபங்கீடு செய்யும் வழக்கம் இருந்ததா என்று நூறாண்டுக்கு மேலாக வாதிட்டு வருகின்றனர். எல்லிஸ் துரையின் ஏட்டை அவர்கள் புரட்டினார்களோ என்னவோ!

பதவிக்கும் சீட்டு உண்டு. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை அறியாத தமிழர் இலர். முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டப்பட்டவை அவை. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, ஏரி வாரியம் முதலியவற்றுக்கு ஆள் அமர்த்தினர். முன் மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவன் பெயர் குடத்தில் விழாது. கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் நெருங்கிய உறவினர்க்கும் இடமில்லை. இதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டு முன்பே கிரீட் தீவின் த்ரேரோஸ் என்ற சிற்றூர் ஒரு கல்லில் வெட்டிவைத்தது: ‘கொஸ்மோஸ்’ என்னும் தலைமைப் பதவியில் ஒருமுறை இருந்தவன் பத்தாண்டு வரை மீண்டும் அப்பதவிக்கு வரக்கூடாது. கி.மு. 650 அளவிலான அக்கல்தான் நமக்குக் கிடைத்த கிரேக்கச் சட்டங்களுள் மிகப் பழையது எனலாம். கிரேக்கர் எழுத்தைக் கற்றவுடன் கல்லில் எழுதிவைத்த தொடக்கச் சட்டங்களுள் ஒன்று திருட்டையோ கொலையையோ பற்றியதன்று, பதவியை விடாமல் பற்றிக்கொள்பவனைப் பற்றியது! ஊர் அனுபவம் உள்ளவர்களுக்கு இதில் வியப்பிராது.

ஆதென்ஸ் நகரம் இந்தச் சீட்டை அதன் எல்லைவரை கொண்டுசென்றது. கி.மு. 508ஐ ஒட்டிக் க்ளெய்ஸ்தெனேஸ் பழைய குலப் பிரிவுகளைக் கலைத்து மக்களை ஊர்வாரியாகப் பத்துப் பிரிவுகளாக்கினார். ஒவ்வொன்றிலிருந்தும் ஐம்பதின்மர், ஆக ஐந்நூற்றுவர் கொண்ட மன்றம் அமைந்தது. அதன் உறுப்பினர் சீட்டினால் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படலாயினர். நீதிமன்றத்துக்கு ஆள் பொறுக்கக் கல்லில் துளைவரிசைகள் வெட்டிய ஒரு கருவியும் பின்னர் வந்தது. வாக்கெடுப்பு செல்வனுக்கும் பேச்சாளனுக்கும் சாதகம், சீட்டே பொதுமக்களுக்கு உரியது என்று அக்காலத்தார் கருதினர்.

இங்கே ஒரு ஐயம் நம்மவர்க்கு எழலாம். சீட்டு என்பது சூதாகாதா? அம்புகளைக் கொண்டு குறிபார்ப்பதையும் மைஸிர் என்னும் சூதையும் திருமறை தடுக்கிறது. ஆயின் உரிமை சமமாக உள்ள பலருள் ஒருவரைத் தேர்வதற்குக் குலுக்கும் ‘குர்அத்’ வேறு. யூனுஸ் நபியின் கப்பலிலும், மர்யம் அம்மையாரை வளர்க்கும் பொறுப்பிலும் சீட்டு எடுக்கப்பட்டதைத் திருமறை கூறுகிறது. இல்லாத உரிமையைச் சீட்டினால் உண்டாக்குவது சூது. உள்ள உரிமையைச் சச்சரவின்றிப் பிரிப்பது குர்அத். சட்டநூலார் இந்த எல்லையைத் தெளிவாக வகுத்துள்ளனர். ஆதலால் சீட்டுக்கு முன்னதாக ஒரு கேள்வி நிற்கிறது: உரிமை யாருக்கு உள்ளது? குடத்துக்குள் யார் பெயர் போட்டார்கள்?

இக்கேள்வியைக் கேட்டவுடன் மேலே சொன்ன அத்தனை ஊர்களும் வேறு முகம் காட்டுகின்றன. உத்தரமேரூர் அந்தணர்க்கு விட்ட ஊர். கால் வேலிக்கு மேல் இறை நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட ஆடவர் பெயரே குடத்தில் விழுந்தது. வேதமும் பாடியமும் வல்லார்க்கு அரைக்கால் வேலி போதும் என்ற சலுகை மட்டும் உண்டு. பசுங்கரையில் மாறிமாறிப் பங்கு பெற்றவர் காணியாளர். அந்நிலத்தில் உழைத்த படியாளுக்கு எந்தக் கரையிலும் பங்கில்லை. ஆதென்ஸ் நகரத்திலோ பெண்களும் அடிமைகளும் வெளியே. கடனுக்குத் தன் உடலையே ஈடுவைத்த ஏழை உழவன் அடிமையாகி வெளிநாட்டுக்கு விற்கப்பட்ட கொடுமையைக் கி.மு. 594இல் சோலோன் நிறுத்தினார். நிலத்தில் நட்ட கடன் கற்களைப் பிடுங்கினேன், விற்கப்பட்டவர்களை மீட்டு வந்தேன் என்று அவரே பாடிவைத்திருக்கிறார். பெரிய செயல்தான். ஆயினும் மீண்டவர் ஆதென்ஸ் மக்கள். அவர்கள் விட்டுச்சென்ற வேலையைப் பிறநாட்டு அடிமைகள் செய்தனர். நகரத்தானின் உரிமை வளர வளர அடிமைச் சந்தையும் வளர்ந்தது. இவ்விரண்டையும் பிரித்துப் படிப்பது வரலாற்றைப் பாதி படிப்பதாகும்.

அடிமைச் சந்தை பழவேற்காட்டுக்கும் புதிதன்று. 1613இல் எழுந்த கெல்திரியாக் கோட்டையில் இருந்த டச்சுக் கம்பெனியார் இங்கிருந்து துணி மட்டும் ஏற்றவில்லை. பதினேழாம் நூற்றாண்டில், முக்கியமாகப் பஞ்ச காலங்களில், இக்கரையில் விலைக்கு வாங்கிய ஆயிரக்கணக்கான மக்களைப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினர். சோற்றுக்காகப் பிள்ளையை விற்ற தாய்மார் கதை அந்தக் கப்பல்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அவர்களை மீட்டுவர இங்கே சோலோன் தோன்றவில்லை. கம்பெனி அதிகாரிகளுக்கு எழுப்பிய வேலைப்பாடுள்ள கல்லறைகள் மட்டும் தொல்லியல் துறையின் காவலில் நன்றாக இருக்கின்றன.

பாடு முறையையும் இதே கண்ணால் பார்ப்பதே நேர்மை. அதில் உள்ள சமத்துவம் உண்மையானது. அது தலைக்கட்டு உடையவர்களுக்குள் உள்ள சமத்துவம். இறால் ஏற்றுமதிப் பொருளாகி விலை ஏறியபின், 1980கள் தொட்டு, ஏரியைச் சுற்றியுள்ள பிற ஊராரும் பிற சாதியாரும் தங்களுக்கும் இடம் கேட்டனர், பூசல்கள் மூண்டன. அவர்கள் கேட்டது பேராசையால் என்று தள்ளிவிட முடியாது. 1969க்குப் பின் ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு ராக்கெட் தளமாக எடுக்கப்பட்டபோது அங்கிருந்து பெயர்ந்த குடிகளுக்கும் வயிறு உண்டு. இருளர் பெண்கள் முழங்காலளவு நீரில் மண்டியிட்டு, ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, கையால் தடவியே இறால் பிடிக்கின்றனர். அவர்களுக்கு வலையுமில்லை, பாடுமில்லை, தலைக்கட்டுமில்லை. மறுபுறம் மூன்று குப்பத்தாரும், எல்லாரையும் சேர்த்தால் எவர்க்கும் மீன் மிஞ்சாது, எங்கள் கட்டுப்பாட்டால்தான் ஏரி இன்னும் உயிரோடிருக்கிறது என்கின்றனர். அதிலும் உண்மை இருக்கிறது. கப்பலில் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் சீட்டுப் போட்டுக்கொண்ட கூட்டத்தாரை உவமை காட்டும் நபிமொழி ஒன்று ஸஹீஹ் புகாரியில் உள்ளது. சீட்டு ஒழுங்காகவே விழுந்தது. ஆயினும் கீழ்த்தட்டில் இருந்தவர்க்குத் தண்ணீர் மேலே இருந்தது. தாகம் தீர அவர்கள் அடிப்பலகையைத் துளைக்கத் தொடங்கினால் இரு தட்டாரும் மூழ்குவர் என்பது அவ்வுவமை.

மனிதன் இயல்பிலேயே கூடி வாழ்பவன், நகரத்துக்குரியவன் என்று தத்துவ ஞானிகள் சொன்னதை இப்னு கல்தூன் தம் முகத்திமாவின் தொடக்கத்தில் எடுத்தாள்கிறார். ஒருநாள் உணவுக்கான கோதுமையை அரைத்து, பிசைந்து, சுடுவதற்கே பலர் கை வேண்டும் என்று அவர் அதற்கு விளக்கம் தருவார். அக்கருத்தின் மூலவர் அரிஸ்டாட்டில். வீடு சேர்ந்து ஊர், ஊர்கள் சேர்ந்து நகரம் என்று சமுதாய வளர்ச்சியை அவர் வகுத்த நூல் இடைக்காலத்தில் அரபியில் வரவேயில்லை. அது தம் கைக்கு எட்டாததால்தான் இப்னு ருஷ்து பிளேட்டோவின் நூலுக்கு உரை எழுதினார். அரபியர் ‘முதல் ஆசிரியர்’ என்று போற்றிய அந்த அரிஸ்டாட்டில் ஆதென்ஸ் நகரில் எந்த நிலையில் வாழ்ந்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவர் வடக்கே ஸ்தகிரா ஊரில் பிறந்தவர். ஆதென்ஸ் நகரில் அவர் ‘மெத்தோய்க்கோஸ்’, உடன்குடியிருப்பவர். தலைவரி செலுத்த வேண்டும், போரில் உதவ வேண்டும். நிலம் வாங்க முடியாது, மன்றத்தில் பேச முடியாது, சீட்டில் பெயர் விழாது. தாயும் தந்தையும் ஆதென்ஸ் மக்களாக இருந்தாலொழியக் குடியுரிமை இல்லை என்று கி.மு. 451இல் பெரிக்ளேஸ் சட்டம் செய்திருந்தார். நகரத்தை இலக்கணப்படுத்திய மனிதர் முப்பதாண்டுக்கு மேல் ஒரு நகரில் வாழ்ந்து அந்நகரத்தாராக ஆகவில்லை.

கும்மிடிப்பூண்டியின் சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்கும் ஆலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் உழைக்கின்றனர். ஆண்டுக்கணக்கில் இங்கே வாழ்ந்தும் ஊர்க் கூட்டத்தில் அவர்களுக்கு ஒரு பாயிடம் இல்லை. அவர்களுள் முஸ்லிம்களும் உண்டு. ஜும்ஆவுக்கு நம் பள்ளிகளில் நம்மோடு வரிசையில் நிற்கின்றனர். தொழுகை முடிந்து நிர்வாகக் கூட்டம் தொடங்கும்போது அவர்கள் இருப்பதில்லை. தலைக்கட்டு என்ற சொல் பட்டினவர்க்கு மட்டும் உரியதன்று. நம் ஜமாஅத்துகளும் வரி விதிப்பதும் கந்தூரிக்குப் பங்கு கணக்கிடுவதும் அதே சொல்லால்தான். சில ஊர்களில், கணவனை இழந்தவள் வீட்டுக்கு வரி இல்லை என்று தள்ளுபடி செய்கிறார்கள். இரக்கம்தான். வரிப் பட்டியலில் இல்லாத பெயர் ஜமாஅத் ஏட்டிலும் இல்லாமல் போகிறது. ஊரில் ஒரு வழக்கு வந்தால் அவளுக்காக அவளுடைய சகோதரனோ மருமகனோ பேச வேண்டியிருக்கிறது.

அலெக்சாந்தர் இறந்த கி.மு. 323இல் ஆதென்ஸ் நகரத்தார் மக்கெதோனியரோடு தொடர்புடையோர் மேல் சினங்கொண்டனர். அரிஸ்டாட்டில் நகரை விட்டு, தம் தாய்வழிச் சொத்து இருந்த கல்கிஸ் ஊருக்குப் போய், மறு ஆண்டு அங்கே மாண்டார். அவர் பாடம் சொன்ன இடமும் அவருடையதன்று, பொதுத்தோட்டம். அவருக்குப்பின் பள்ளியை ஏற்ற தியோப்ராஸ்தோஸும் அயலூராரே. நகரத்தில் செல்வாக்குடைய மாணவர் ஒருவர் முயன்று பெற்றுத் தந்த பிறகே அப்பள்ளிக்கென்று ஒரு துண்டு நிலம் கிடைத்தது.